யாருடைய பொறுப்பிலும் இல்லாத மலை

இந்த எபிசோட் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றியது. ஆனா நாம சுரங்கத்துக்குள்ள இறங்கப் போறதில்லை. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த கழிவை எங்கே கொட்டினாங்க, அதை யார் பார்த்துக்கிட்டாங்க, இதுதான் இன்னைக்குக் கதை. கழிவு மேலாண்மைன்னு சொன்னாலே பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். அந்தச் சுரங்கத்தை நடத்தினவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கு. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

முன்னாடியே சொல்லிடறேன். இந்தக் கதையில் குழந்தைகள் இறக்கிறார்கள். கேட்க முடியாதுன்னு தோணினா, இந்த எபிசோடைத் தாராளமா விட்டுடலாம்.

ஊரின் பெயர் அபெர்வான். பிரிட்டனில், தெற்கு வேல்ஸில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் 'அபெர்ஃபான்' என்று வரும். வெல்ஷ் மொழியில் அந்த எழுத்துக்கு 'வ' உச்சரிப்பு. அதனால் அபெர்வான்.

கழிவு எங்கிருந்து வருது?

நிலக்கரியை மண்ணுக்கு அடியில் சும்மா அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். பாறை அடுக்குகளுக்கு நடுவே, சாண்ட்விச்சுக்குள் இருக்கும் ஜாம் மாதிரி, மெல்லிய படலமாக இருக்கும். அதைத் தொடுவதற்கே பாறையைக் குடைந்து செங்குத்தான குழியும் சுரங்கப் பாதைகளும் போட வேண்டும். நிலக்கரியை வெட்டும்போது மேலேயும் கீழேயும் இருக்கும் பாறையும் சேர்ந்து வரும். மனிதர்கள் கையால் வெட்டிய காலத்தில் கல்லை ஓரளவு ஒதுக்கிவிடுவார்கள். மெஷின் வந்தபிறகு, மெஷினுக்குக் கல் எது கரி எது என்று தெரியாது. எல்லாம் மேலே வரும்.

மேலே வந்ததைத் தண்ணீரில் கழுவிப் பிரிப்பார்கள். கரி எடை குறைவு, கல் எடை அதிகம். இப்படிப் பிரித்தபின் இரண்டு வகைக் கழிவு மிஞ்சும். ஒன்று, கல்லும் பாறைத் துண்டும். இன்னொன்று, கழுவிய தண்ணீரில் தங்கிவிட்ட மிக நுண்ணிய தூள். அது தண்ணீரோடு சேர்ந்து கறுப்பு நிறத்தில் கூழ் மாதிரி இருக்கும். சுரங்கத் தொழிலில் இதற்கு டெய்லிங்ஸ் என்று பெயர். பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இந்தக் கழிவைத் திரும்பச் சுரங்கத்துக்குள்ளேயே நிரப்பலாம். ஆனால் அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். அதனால் பிரிட்டனில் பெரும்பாலும் வெளியே கொட்டினார்கள். தெற்கு வேல்ஸில் 'வெளியே' என்றால் எங்கே? அங்கே பள்ளத்தாக்குகள் குறுகலானவை. அடியில் இருக்கும் கொஞ்சம் சமதளத்தில் ஆறு, ரயில் பாதை, சுரங்கம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மிச்சம் இருப்பது மலைச்சரிவு மட்டும்தான்.

அபெர்வானுக்கு எதிரே இருந்த மெர்த்தர் வேல் சுரங்கத்தை 1869-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். 1875-ல் நிலக்கரி எடுக்கத் தொடங்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து கழிவு ஊருக்கு மேலே இருக்கும் மலையில் ஏற ஆரம்பித்தது. ஒரு மேடு நிரம்பினால் அடுத்த மேடு. 1, 2, 3 என்று நம்பர்தான், பெயர்கூடக் கிடையாது. 1966-ல் அந்த மலையில் 7 மேடுகள் இருந்தன. அடிவாரத்தில் பாண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளி.

ஏழாவது மேடு

1958-ல் 7-வது மேட்டுக்கு இடம் தேடினார்கள். அப்போது பிரிட்டனின் சுரங்கங்கள் எல்லாம் அரசுடைமை. 1947 முதல் தேசிய நிலக்கரி வாரியம் நடத்தி வந்தது. இடம் தேர்வு செய்த முறை ரொம்ப சிம்பிள். சுரங்க மேலாளரும் மெக்கானிக்கல் இன்ஜினியரும் மலையில் நடந்து போய்ப் பார்த்து, இங்கே கொட்டலாம் என்று முடிவு செய்தார்கள். நிலத்தை சர்வே செய்யவில்லை. மண் பரிசோதனை இல்லை. வரைபடத்தைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அந்த இடத்தில் ஊற்றுகளும் ஓடையும் இருந்தன. அரசின் நில அளவை வரைபடத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கும் தெரியும். 7-வது மேடு அந்த ஊற்றுகளின் தலைமேல் உட்கார்ந்தது.

இன்னொரு விஷயம் தெரிய வரைபடம்கூட வேண்டாம், கண் இருந்தால் போதும். அதே மலையில் 4-வது மேடு 1944-லேயே சரிந்து இறங்கியிருந்தது. நல்லவேளையாக ஊருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தச் சரிவின் தழும்பு மலையில் அப்படியே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில்தான் புது மேட்டை ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிப்போம். ஏன் மெக்கானிக்கல் இன்ஜினியர்? கழிவை மலைமேல் கொண்டு போவதற்குக் கம்பிவடமும் கிரேனும் வேண்டும். அவை மெஷின்கள். மெஷின் என்றால் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட். எனவே மேடும் அவர்கள் கணக்கில் போய்விட்டது. மண், நீர், சரிவு இதெல்லாம் தெரிந்த சிவில் இன்ஜினியருக்கு அதில் வேலையே இல்லை. கிரேன் ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தார். கிரேன் நிற்கும் மலை நிற்குமா என்று பார்க்க ஆள் இல்லை.

சட்டமும் அப்படித்தான். 1954-ல் வந்த சுரங்கச் சட்டம் நிலத்தடிப் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேசியது. கூரை எப்படித் தாங்க வேண்டும், காற்று எப்படி வர வேண்டும், எல்லாம் உண்டு. அவை எல்லாம் பல விபத்துகளில் செத்துப் போன தொழிலாளர்களின் பேரால் வந்த விதிகள், குறை சொல்ல முடியாது. ஆனால் கழிவு மேடு ஊரின் மேல் சரியாமல் பார்த்துக்கொள்ள யாருக்கும் அந்தச் சட்டத்தில் கடமை இல்லை. சட்டத்தின் கண்ணில் ஆபத்து என்பது சுரங்கத்துக்குள்ளே இருப்பவருக்கு மட்டும்தான்.

எழுதி வெச்ச எச்சரிக்கைகள்

"இப்ப பின்னாடி திரும்பிப் பார்த்துச் சொல்றது ஈஸி, அன்னைக்கு யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில்: நிறையப் பேருக்குத் தெரியும்.

1939 டிசம்பரில், அதே டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அபெர்வானிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், கில்வினித் என்ற ஊரில் ஒரு கழிவு மேடு சரிந்தது. சுமார் 1,80,000 டன். சாலையை மூடியது, ஆற்றுக்குள்ளும் இறங்கியது. அதன்பிறகு சுரங்கத்தை வைத்திருந்த பவல் டஃப்ரின் கம்பெனி, மேடுகள் ஏன் சரிகின்றன, எப்படித் தடுப்பது என்று ஒரு குறிப்பு தயாரித்தது. அதில் முக்கியமாகச் சொன்னது: தண்ணீரைத் தள்ளி வையுங்கள். மெர்த்தர் வேல் சுரங்கமும் அப்போது அதே கம்பெனியிடம்தான் இருந்தது.

1963-ல் மெர்த்தர் நகராட்சிப் பொறியாளர் நிலக்கரி வாரியத்துக்கு எழுதினார். கடிதத் தொடரின் தலைப்பே 'பாண்ட்கிளாஸ் பள்ளிகளின் பின்புறம் கொட்டப்படும் நிலக்கரிக் குழம்பினால் ஆபத்து' என்ற பொருளில் இருந்தது. அப்போது 7-வது மேட்டில் கல்லோடு டெய்லிங்ஸையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் 7-வது மேட்டிலேயே ஒரு சரிவு ஏற்பட்டது. 1964-ல் ஒரு பெண் கவுன்சிலர், இந்த மேடு நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று கூட்டத்தில் சொன்னார். பள்ளிக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்குவதைப் பற்றித் தாய்மார்கள் மனு கொடுத்தார்கள்.

வாரியம் 1965 தொடக்கத்தில் டெய்லிங்ஸ் கொட்டுவதை மட்டும் நிறுத்தியது. ஏற்கெனவே கொட்டியது அங்கேயே இருந்தது. அதன் மேல் கல் கொட்டுவது தொடர்ந்தது.

அதே 1965-ல் டைமார் என்ற இன்னொரு சுரங்கத்தின் மேடு சரிந்தது. உடனே அந்தப் பழைய 1939 குறிப்பைத் தூசி தட்டி எல்லாச் சுரங்கங்களுக்கும் அனுப்பினார்கள். மெக்கானிக்கல், சிவில் இரண்டு இன்ஜினியர்களும் சேர்ந்து மேடுகளைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. மெர்த்தர் வேலில் மெக்கானிக்கல் இன்ஜினியர் மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் போனது. டிக்கெட் குளோஸ்.

ஐடி வேலையில் இருக்கிறவங்களுக்கு இந்த பேட்டர்ன் பழக்கமா இருக்கும். ஒரு பிரச்சினை எல்லார் இன்பாக்ஸிலும் இருக்கும், யாருடைய லிஸ்டிலும் இருக்காது. நம்ம கேஸில் ஒரு வெப்சைட் டவுன் ஆகும், அவ்வளவுதான். அவங்க கேஸில் அந்த மெயிலுக்குக் கீழே ஒரு ஸ்கூல் இருந்தது.

21 அக்டோபர் 1966

வெள்ளிக்கிழமை. அன்று மதியத்தோடு அரைப்பருவ விடுமுறை ஆரம்பம். அதற்கு முந்தைய வாரங்களில் பலத்த மழை. பள்ளத்தாக்கில் அடர்ந்த மூடுபனி, ஆனால் மலையுச்சியில் வெயில். மேலே இருந்தவர்களுக்குக் கீழே ஊர் தெரியவில்லை.

காலை 7:30 மணிவாக்கில் மேட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள், அதன் உச்சி சுமார் 10 அடி அமிழ்ந்திருப்பதைப் பார்த்தார்கள். கிரேனின் தண்டவாளங்கள் உள்ளே விழுந்து கிடந்தன. தகவல் சொல்ல ஒருவர் கீழே நடந்து போனார், ஏனென்றால் மேட்டில் போன் வேலை செய்யவில்லை. கேபிளைத் திருடியிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது மணி ஒன்பது. கிரேனைப் பின்னுக்கு இழுங்கள், கொட்டுவதற்கு வேறு இடம் பார்க்கலாம் என்பதுதான் கீழிருந்து வந்த பதில். அதற்குள் உச்சி 20 அடி இறங்கியிருந்தது.

9:15-க்கு மேடு நகர்ந்தது.

இது சாதாரண மண்சரிவு மாதிரி இல்லை. மெரினாவில் அலை வந்து போன ஈர மணலில் நின்று, காலை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு நொடி முன்பு கெட்டியாக இருந்த மணல் கூழாகிக் கால் உள்ளே போகும். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், துகள்களின் பாரத்தைத் தானே தாங்க ஆரம்பிக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப் போகிறது. அதன்பிறகு அது மணல் இல்லை, திரவம். 111 அடி உயர மேட்டில் நடந்தது அதுதான். கீழே ஊற்று, உள்ளே நுண்தூள், இறுக்கிக் கெட்டிப்படுத்தாமல் சும்மா கொட்டிய கல். ஒரு லட்சம் கன மீட்டருக்கும் மேல் கழிவு நகர்ந்தது. அதில் சுமார் 40,000 கன மீட்டர் ஊருக்குள் வந்தது. சென்னைத் தெருக்களில் பார்க்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் சொன்னால் 3,300 லாரிக்கும் மேல். வரும் வழியில் பெரிய குடிநீர்க் குழாய்களையும் உடைத்தது, அந்தத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

பள்ளியில் அப்போதுதான் பாடம் ஆரம்பித்திருந்தார்கள். சத்தம் கேட்டவர்கள் விமானம் விழுகிறது என்று நினைத்தார்கள். 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலும் 7 முதல் 10 வயது. பள்ளியில் மட்டும் 109 குழந்தைகளும் 5 ஆசிரியர்களும். சாப்பாட்டுப் பணம் வசூலிக்க வந்த ஒரு பெண்மணி, 5 குழந்தைகள்மேல் தன் உடம்பைப் போட்டு மூடினார். அவர் இறந்தார், அந்த 5 பேரும் பிழைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் இருந்தவர்கள் மேலே வந்து தோண்டினார்கள். பலர் அந்தக் குழந்தைகளின் அப்பாக்கள். விசில் அடித்தால் எல்லாரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள், உள்ளிருந்து குரல் வருகிறதா என்று. காலை 11 மணிக்குப் பிறகு யாரும் உயிரோடு கிடைக்கவில்லை.

பிரேத விசாரணையில் ஒரு தந்தை எழுந்து, தன் குழந்தையின் மரணச் சான்றிதழில் 'நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார்.

யார் பொறுப்பு?

வாரியத் தலைவர் லார்ட் ராபன்ஸ் உடனே வரவில்லை. சர்ரி பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பதவியேற்கும் விழா இருந்தது. அதை முடித்துக்கொண்டு மறுநாள் மாலைதான் வந்தார். மேட்டுக்கு அடியில் ஊற்று இருப்பதை யாராலும் தெரிந்திருக்க முடியாது என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். வரைபடத்தில் அச்சிட்டிருந்த ஊற்று.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணைக் குழு 76 நாள் அமர்ந்தது, 136 சாட்சிகளைக் கேட்டது. அறிக்கை 1967 ஆகஸ்டில் வந்தது. பழி முழுவதும் நிலக்கரி வாரியத்தின்மேல் என்று சொன்னது. 9 பேரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் இது கெட்ட மனிதர்களின் கதை இல்லை, தகுதியில்லாத வேலையைத் தலையில் சுமத்தியதால் தடுமாறியவர்களின் கதை என்றும் சொன்னது. காணாமல் போன கேபிளைப் பற்றியும் ஒரு தெளிவு. போன் வேலை செய்திருந்தாலும் உயிர்கள் பிழைத்திருக்காது. கேபிள் திருடன்மேல் பழி போட்டுக் கதையை முடிக்க வழியில்லை.

ஒருவர்மேலும் வழக்கு இல்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. ராபன்ஸ் ராஜினாமா கடிதம் கொடுத்தார், அரசு ஏற்கவில்லை. அவர் 1971 வரை பதவியில் இருந்தார். இன்னும் கேளுங்க. வேலையிடப் பாதுகாப்பைப் பற்றி ஆராய 1970-ல் அரசு அமைத்த கமிட்டிக்குத் தலைவர் யார்? அதே ராபன்ஸ். அதன் அறிக்கையிலிருந்துதான் பிரிட்டனின் 1974 தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் வாரியம் கொடுத்த இழப்பீடு 500 பவுண்டு.

மிச்ச மேடுகள் ஊருக்கு மேலே அப்படியே நின்றன. பிள்ளைகளைப் புதைத்தவர்கள் தினமும் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். எடுக்கச் சொன்னார்கள். ஆபத்தில்லை, செலவு அதிகம் என்று பதில் வந்தது. ஊர்க்காரர்கள் அந்தக் கழிவையே அள்ளிக்கொண்டு போய் கார்டிஃப்பில் இருந்த அரசு அலுவலகத்தில் கொட்டினார்கள். அப்புறம்தான் எடுக்கச் சம்மதம் வந்தது, ஒரு நிபந்தனையோடு. பாதிக்கப்பட்டவர்களுக்காக உலகம் முழுவதும் இருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு தர வேண்டும். கொன்ற மேட்டை அகற்ற, செத்தவர்களுக்காக வந்த பணம். 1968-ல் அதையும் வாங்கிக்கொண்டார்கள். 1997-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டி இல்லாமல், விலைவாசிக் கணக்குக்கூட இல்லாமல். 2007-ல் வேல்ஸ் அரசு மேலும் 15 லட்சம் பவுண்டு நிதிக்குக் கொடுத்தது.

அதுக்கப்புறம்?

1969-ல் கழிவு மேடுகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்பிறகு மேடு கட்டுவதும் ஓர் இன்ஜினியரிங் வேலை ஆனது. முதலில் அடியில் இருக்கும் நிலத்தை ஆராய வேண்டும். ஊற்று இருந்தால் தண்ணீர் வெளியேற வழி செய்ய வேண்டும். கழிவை மொத்தமாகக் கொட்டாமல், அடுக்கடுக்காகப் பரப்பி, ரோலரால் இறுக்க வேண்டும். மேட்டுக்குள் குழாய் இறக்கி நீர்மட்டத்தைக் கண்காணிக்க வேண்டும். இதில் எதுவும் 1966-க்குப் பிறகு கண்டுபிடித்த அறிவு இல்லை. அணை கட்டுபவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்தவைதான். கழிவுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மெர்த்தர் வேல் சுரங்கத்தை 1989-ல் மூடினார்கள். வேல்ஸில் மற்ற சுரங்கங்களும் ஒவ்வொன்றாகப் போயின. ஆனால் மேடுகள் போகவில்லை. 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு பழைய மேடு சரிந்தது. சுமார் 60,000 டன். யாருக்கும் காயம் இல்லை. அதன்பிறகு எண்ணிப் பார்த்தார்கள். வேல்ஸில் கைவிட்ட நிலக்கரிக் கழிவு மேடுகள் 2,000-த்துக்கும் மேல். வேலை நடக்கும் மேட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் 1969 சட்டம் அதிகம் யோசித்திருந்தது. கம்பெனி போனபிறகு மேடு யாருடையது? நிலம் யாரிடம் இருக்கிறதோ அவருடையது. பல இடங்களில் அது தனியார். சிலருக்குத் தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2025-ல்தான் இந்தப் பழைய மேடுகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு உருவாக்கும் சட்டத்தை வேல்ஸ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மழை இப்போது முன்பைவிடத் தீவிரமாகப் பெய்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அபெர்வானை 'தெரியாமல் நடந்த விபத்து' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊற்று வரைபடத்தில் இருந்தது. தடுக்கும் வழி 1939-லேயே காகிதத்தில் இருந்தது. பயம் நகராட்சிக் கடிதத்தில் இருந்தது. எல்லாம் இருந்தது. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரமும், சொல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இருந்த ஒரே ஒரு ஆள் இல்லை. நிலக்கரி எவ்வளவு என்று ஒவ்வொரு டன்னுக்கும் கணக்கு எழுதின நிறுவனம், அதன் மறுபாதிக்கு ஒரு பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது நினைவுத் தோட்டம் இருக்கிறது. மலைச்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளை வளைவுகள் வரிசையாக நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். அந்த மலையில் மேடுகள் இல்லை, புல்தான்.

உங்க ஊர்ல குப்பைமேடோ, சாம்பல் ஏரியோ, குவாரிக் கழிவோ இருந்தா, அதுக்குப் பொறுப்பான ஆள் யாருன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. பதில் கிடைச்சாலும் எழுதுங்க, கிடைக்கலைன்னாலும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.